கண்ணாடி அலமாரிக்கு முன் ஒரு பேரேடு

கேள்வி: எங்கள் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து வரலாற்று மன்றம் தொடங்கியிருக்கிறோம். பழைய பள்ளிக் கட்டடத்தில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. நெல் அளக்கும் மரக்கால், ஓலைச்சுவடி, புகைப்படங்கள் என்று மக்கள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கிணறு வெட்டியபோது கிடைத்த ஒரு தாழியும், அதாவது பெரிய மண்பானையும், வந்திருக்கிறது. அருங்காட்சியகம் அமைக்க எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தாழியிலிருந்து தொடங்குங்கள். அதைக் கழுவாதீர்கள்; உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லை ஆய்வுக்கு அனுப்பித்தான் அதன் காலம் கி.மு. 1155 என்று கணித்தார்கள். யாராவது ஆர்வத்தில் தண்ணீர் ஊற்றி அலசியிருந்தால் மூவாயிரம் ஆண்டுச் சேதி வாய்க்காலோடு போயிருக்கும். மண்ணுக்குள் கிடைத்ததை மன்றமே வைத்துக்கொள்ளவும் முடியாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். கிடைத்த இடம், ஆழம் இரண்டையும் இன்றே குறித்துவிடுங்கள்.

மற்ற பொருள்களுக்கு, அலமாரி வாங்கும் முன் கெட்டி அட்டை போட்ட பேரேடு ஒன்று வாங்குங்கள். வரிசை எண், பொருள், கொடுத்தவர், நாள், நன்கொடையா இரவலா, கையொப்பம். இரவலா என்பதை எழுதாமல் விட்டால், பிற்பாடு பேரன் வந்து கேட்கும்போது மன்றமே இரண்டுபடும்.

அதன் கீழே, கொடுத்தவர் சொல்வதை அவர் வாய்ச்சொல்லாகவே எழுதுங்கள். ஒருமுறை ஒரு மரக்காலைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். வாயில் இரும்புப் பட்டை, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. கொண்டுவந்த பாட்டி, "இது கூலி அளக்கிற மரக்கால். குத்தகை அளக்க வேறு உண்டு, அது இதைவிடப் பெரிது" என்றார். எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அந்த ஊரின் வயல் கணக்கு முழுவதும் அந்த இரண்டு வரியில் இருந்தது. ஆகவே பெரியவர்களிடம் இப்போதே போய்க் கேளுங்கள். அறைக்கு வெள்ளையடிப்பது பிறகு நடக்கட்டும்.

செம்பு, பித்தளையைப் புளி போட்டுத் துலக்க வேண்டாம். பொறித்த எழுத்தும் சேர்ந்து தேயும். புகைப்படத்தின் பின்புறம் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது. ஓலைச்சுவடியின் தூசியை மென்மையான தூரிகையால் தட்டலாம். ஓலை ஒட்டிக்கொண்டோ ஒடியும் நிலையிலோ இருந்தால் பிரிக்காமல், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் கேளுங்கள்.

மன்றத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ்ப் பதிவு செய்ய 7 பேர் போதும். நன்கொடைக் கடிதங்களை அந்தப் பதிவுப் பெயருக்கே வாங்குங்கள், செயலாளரின் பெயருக்கு வேண்டாம்.