அந்த அரை நிமிடம்

கேள்வி: எனக்கு 42 வயது. டொரொன்டோ ஸ்காபரோவில் மனைவி, ஒன்பது வயது மகன், அப்பாவோடு இருக்கிறேன். 2025 நவம்பர் 1 இரவு பேஸ்போல் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் எங்கள் டொரொன்டோ புளூ ஜேஸ் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் தோற்றதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் இரண்டு அவுட் எடுத்தால் கிண்ணம் எங்களுக்கு. முன்னறிவிப்பே இல்லாமல் தலையில் இடி விழுந்ததுபோல் எதிரணி ரோஹாஸ் ஹோம் ரன் அடித்தார். பிறகு எங்கள் முறையில் மூன்றாம் பேஸில் நின்ற கைனர்-ஃபலேஃபா வெற்றி ஓட்டத்துக்கு ஓடி வந்து ஹோம் பிளேட்டில் அவுட் ஆனார். அவர் மூன்றாம் பேஸை விட்டு இன்னும் இரண்டடி தள்ளி நின்றிருந்தால் வென்றிருப்போம். அந்தக் காட்சியை எத்தனை தரம் போனில் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. 93இல் ஜோ கார்ட்டர் ஹோம் ரன் அடித்துக் கிண்ணத்தை வென்று தந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பா போட்ட சத்தத்தில் நித்திரையால் எழும்பி வந்து பார்த்தேன். அன்று தொடக்கம் ரசிகன். இப்போது வேலையில் கவனமில்லை. மனைவி 'விசர்' என்கிறார். இதைப் பற்றிக் கதைக்க, விளங்கிக்கொள்ள, வீட்டில் ஒருத்தரும் இல்லை. அப்பா கீழே பேஸ்மென்றில் தன்பாட்டில் பார்ப்பார். அவருக்கு கேபிள். எனக்கு இணையத்தில் வருவதால் அரை நிமிடம் பிந்தும். தீபாவளி இரவு அவர் போட்ட சத்தத்தில் ஸ்பிரிங்கரின் ஹோம் ரன் எனக்கு முதலே தெரிந்துபோனது. சத்தம் போட வேண்டாம் என்று சொன்ன பிறகு அந்தப் பிரச்சினை இல்லை. அடுத்த சீசன் வரை இந்த வலியோடு எப்படி இருப்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மூன்று பக்கக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

பதில்:

தம்பி, காலம் ஆற்றும், வாற வருசம் வெல்லுவார்கள் என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதமாட்டேன். வெல்லுவார்களோ இல்லையோ, எனக்கு எப்படித் தெரியும்? 93க்குப் பிறகு உலகத் தொடர்ப் பக்கம் தலைகாட்டவே உங்கள் அணிக்கு 32 வருசம் எடுத்தது. அடுத்ததற்கும் அவ்வளவு எடுத்தால் உங்களுக்கு வயது 74.

முதலில் அந்த கைனர்-ஃபலேஃபா வழக்கை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு மட்டும் நீங்கள் ஒரு முழுப்பக்கம் செலவழித்திருக்கிறீர்கள். மனிதர் ஏன் பேஸை ஒட்டி நின்றார்? முந்தின இரவு, ஹலோவீன் இரவு, ஆறாவது ஆட்டம் எப்படி முடிந்தது என்று நினைவில்லையா? உங்கள் ஹிமெனெஸ் அடித்த பந்தை எதிரணி கிக்கே ஹெர்னாண்டஸ் ஓடி வந்து பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிய, அங்கிருந்து தள்ளிப் போயிருந்த உங்கள் பார்ஜர் திரும்பி வர முதல் அவுட். ஒரே பந்தில் இரண்டு பேர் போய், ஆட்டமும் போனது. அடுத்த இரவே அதே வீட்டில் இன்னொருவரைத் தள்ளி நில் என்றால் நிற்பாரா? சூடு கண்ட பூனை. அதோடு, உங்கள் வர்ஷோ அடித்த பந்தைத் தடுமாறித் தடுமாறி எடுத்து ஹோம் பிளேட்டுக்கு எறிந்து கைனர்-ஃபலேஃபாவை அவுட்டாக்கினவர் அதே ரோஹாஸ்தான். உங்கள் கையில் இருந்த கிண்ணத்தை அரை மணித்தியாலத்துக்குள் இரண்டு தரம் தட்டிவிட்டவர் எதிரணியில் இருக்கிறார். அவரை விட்டுவிட்டு உங்கள் ஆளையே பிடித்து உலுக்குகிறீர்கள். தங்கள் ஆட்களைத் திட்டுவதில் எங்கள் சனத்துக்கு நிகர் இல்லை.

வழக்கு முடிந்தது. இனி அந்தக் காட்சியைப் போனில் தேடாதீர்கள்.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன வரிக்கு வருகிறேன். கோபம் வந்தால் எனக்கு 'நீங்கள்' போய் 'நீர்' வந்துவிடும். பொறுத்துக்கொள்ளும்.

'சத்தம் போட வேண்டாம் என்று சொன்ன பிறகு அந்தப் பிரச்சினை இல்லை.'

என்ன பிரச்சினை ஐயா அது?

தீபாவளி, ஒக்டோபர் 20. உலகத் தொடருக்குள் போக சியாட்டிலோடு ஆடின தொடரின் ஏழாவது ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ், இரண்டு ஓட்டம் பின்னுக்கு. ஸ்பிரிங்கர் அடித்தார், மூன்று ஓட்டம், நாலுக்கு மூன்று. அந்த அடியோடு 32 வருசப் பூட்டு திறந்தது. உம்முடைய அப்பா கீழே இருந்து கத்தினார். எழுபது தாண்டிய மனிசன், மனிசி போய்ச் சேர்ந்த பிறகு வந்த தீபாவளியில், ஒரு நிலக்கீழ் அறையில் தனிய இருந்து, வீடு அதிரக் கத்தியிருக்கிறார். மேலே இருந்த உமக்கு அரை நிமிசம் முதலே சங்கதி தெரிந்துவிட்டதாம். அது உமக்குப் பெரிய நட்டமாம். படியில் பாதி வரை இறங்கி நின்று, 'அப்பா, உந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ, எனக்கு எல்லாம் முதலே தெரிஞ்சு போகுது' என்று சொன்னதாக நீரே எழுதியிருக்கிறீர். பாதி வரைதான் இறங்கியிருக்கிறீர், கவனியும். மிச்சப் பாதி இறங்கியிருந்தால் கேபிளிலேயே பார்த்திருக்கலாம்.

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் இல்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். 'சரி தம்பி' என்றிருப்பார். பிள்ளைகளின் வீட்டில் இருக்கிற தகப்பன்மார் சொல்லுகிற 'சரி'யை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இருபது வருசமாக இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் பாதி அந்தச் 'சரி'யைப் பற்றியதுதான், எழுதுகிறவர்களுக்கு அது தெரியாவிட்டாலும்.

பிறகு உலகத் தொடர். முதலாவது ஆட்டத்தில் பார்ஜர் மூன்று பேஸும் நிரம்பியிருக்க, மாற்று ஆளாக வந்து வெளியே தூக்கிப் போட்டார். உலகத் தொடர் வரலாற்றிலேயே மாற்று ஆள் ஒருவர் அப்படி அடித்தது அதுதான் முதல் தடவை. கீழே சத்தம் வந்ததா? நாலாவது ஆட்டத்தில் உங்கள் குரேரோ எதிரணி நட்சத்திரம் ஓட்டானியின் பந்தையே தூக்கி அடித்தார். வந்ததா? ஐந்தாவதில் யெஸாவேஜ் என்ற 22 வயதுப் பொடியன் பன்னிரண்டு பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினான். வரவில்லை. உமக்கு நிம்மதி.

மூன்றாவது ஆட்டத்தை நான் விடப்போவதில்லை. ஒக்டோபர் 27. லொஸ் ஏஞ்சலிஸில் 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிசம். எங்கள் நேரத்துக்கு விடிய மூன்று மணிக்குக் கிட்ட எதிரணி ஃப்ரீமன் அடித்து முடித்தார். உம்முடைய கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: 'அப்பா கந்தசஷ்டி விரதத்தோடு அதையும் கடைசி வரை பார்த்தார் போல, படியில் வெளிச்சம் தெரிந்தது.' அன்றுதான் ஐயா சூரன்போர். ஆறு நாள் விரதம் இருந்த மனிசன். அடுத்த நாள் விடியப் பாறணை. வெறும் வயிற்றோடு, 18 இன்னிங்ஸ், ஒரு சத்தம் இல்லாமல். ஓட்டானி ஒன்பது தரம் பேஸுக்குப் போன ஆட்டத்தைச் சத்தம் போடாமல் பார்ப்பது முருகனுக்கு இருக்கிற விரதத்தை விடக் கடினம். மகன் சொன்னதற்காக அந்த விரதத்தையும் பிடித்திருக்கிறார். நீர் மேலே நின்று படியில் வெளிச்சம் பார்த்தீர். அதைப் பார்த்த உமக்கு ஒரு கோப்பை பால் கொண்டு இறங்கத் தோன்றவில்லை.

இனி உம்முடைய இடிக்கு வருவோம். ரோஹாஸ் அடித்தது முன்னறிவிப்பு இல்லாமல் விழுந்ததாம். விழாமல்? உம்முடைய வீட்டில் அரை நிமிசம் முந்தி அடிக்கிற மணி ஒன்று இருந்தது. அதை நீரே கழற்றி வைத்தீர். ரோஹாஸின் பந்து வேலியைத் தாண்டின நேரம் தொடங்கி உம்முடைய திரையில் அது தாண்டும் வரைக்கும், உம்முடைய வீட்டில் அந்தச் செய்தி தெரிந்த ஒரே ஆள் உம்முடைய அப்பா. அந்த அரை நிமிசம் அவர் என்ன செய்தார் என்று யோசித்துப் பார்த்தீரா? மேலே பிள்ளை இன்னும் சந்தோசமாக இருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார். பதினோராவது இன்னிங்ஸில் கடைசிப் பந்து, உங்கள் கேர்க்கின் மட்டை உடைந்து, எதிரணி பெட்ஸ் இரண்டாம் பேஸை மிதித்து முதலாம் பேஸுக்கு எறிந்தபோதும் அப்படித்தான். ஒவ்வொரு தரமும் அடி முதலில் விழுந்தது அவருக்கு.

'விளங்கிக்கொள்ள வீட்டில் ஒருத்தரும் இல்லை' என்று எழுத உமக்குக் கை கூசவில்லையா?

93ஐ எடுப்போம். நீர் பெருமையாக எழுதியிருக்கிறீர், கார்ட்டர் அடித்ததைப் பார்த்தேன் என்று. பார்க்கவில்லை. அன்று ஒக்டோபர் 23, சனிக்கிழமை, நடுச்சாமத்துக்குக் கிட்ட. நீர் நித்திரை. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஃபிலடெல்பியாவின் மிச் வில்லியம்ஸ் எறிந்ததைக் கார்ட்டர் அடித்தபோது பார்த்தவர் உம்முடைய அப்பா. உமக்கு முதலில் வந்தது அவருடைய சத்தம். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நீர் கண்டது கார்ட்டர் துள்ளித் துள்ளிப் பேஸ் சுற்றினதைத்தான், இல்லாவிட்டால் அதைத் திருப்பிப் போட்டதை. அன்றைக்கும் நீர் அரை நிமிசம் பிந்தித்தான் பார்த்தீர். அப்போது அது பிரச்சினையாகத் தெரியவில்லை. பத்து வயதுப் பிள்ளையை ரசிகனாக்கினது கார்ட்டர் இல்லை, அந்தச் சத்தம். அப்போது அப்பாவுக்கு என்ன வேலை என்று கடிதத்தில் இருக்கிறது: பகலில் தொழிற்சாலை, பின்னேரம் உணவகத்தில் கோப்பை கழுவல். அவருக்குக் கிடைத்த ஒரே சனிக்கிழமை இரவு அது.

உம்முடைய மகனைப் பற்றியும் எழுதியிருக்கிறீர். 'ஆட்டம் நடக்கும்போது மேலும் கீழும் ஓடுவான், ஒரு இடத்தில் இருக்கமாட்டான், கவனக்குறைவோ தெரியாது, டொக்டரிடம் காட்டவேண்டும்.' டொக்டர் வேண்டாம். பிள்ளை கீழே போய் அப்பப்பாவோடு அடியைப் பார்த்துவிட்டு, மேலே ஓடி வந்து அப்பாவோடு இன்னொருக்கா பார்க்கிறான். அரை நிமிச இடைவெளியை அவ்வளவு கெட்டித்தனமாகப் பாவிக்கிற ஆள் உம்முடைய வீட்டில் அவன் ஒருத்தன்தான். முடிவு தெரிந்த பிறகும் உம்மட முகத்தைப் பார்க்க ஓடி வந்திருக்கிறான்.

நான் பழைய ஆள். பெற்றவரை வாயை மூடச் சொல்லுகிற உரிமை பிள்ளைக்கு இல்லை என்று நினைக்கிறவள். வீட்டுக் கடனை நீர் கட்டலாம், கூரை உம்முடைய பேரில் இருக்கலாம், எனக்கு அதெல்லாம் கணக்கில் இல்லை. உங்கள் வயதுக்காரர் 'ஸ்பேஸ்' என்று ஒன்று சொல்லுவீர்கள், அப்பாவுக்கு அவருடைய ஸ்பேஸ் கீழே இருக்கிறது என்று. இந்த ஊரில் பேஸ்மென்றுக்கு வாடகைக்கு ஆள் வைத்தாலும் அவரை இரவு பத்து மணிக்குப் பிறகுதான் சத்தம் போட வேண்டாம் என்று சொல்லுவோம்.

செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். மார்ச் கடைசியில் சீசன் தொடங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்தச் சனிக்கிழமையே அந்த ஏழாவது ஆட்டத்தை முதலிலிருந்து போடும், கீழே, அவருடைய ரீவியில். மூன்றாவது இன்னிங்ஸில் பிஷெட் ஓட்டானிக்கு அடித்த மூன்று ஓட்டம் இருக்கிறதே, அதற்கு அவர் இன்னும் கத்தவில்லை. அந்தச் சத்தம் அவருக்குள் அப்படியே கிடக்கிறது. கத்தட்டும். தோல்வி தெரிந்த ஆட்டம்தானே என்று யோசிக்க வேண்டாம், அவர் 93ஐ இன்றைக்கும் ஒவ்வொரு பந்தாகச் சொல்லுவார், கேட்டுப் பாரும். மன்னிப்புக் கேட்கிறேன் என்று போய் நின்று அந்த மனிசனைச் சங்கடப்படுத்தாதையும். தகப்பன்மாருக்கு அது ஒத்துவராது. மகனும் வரட்டும். அப்பாவுக்கு முழங்கால் வருத்தம் என்று எழுதியிருக்கிறீர், ஆகவே மேலே வாங்கோ என்று கூப்பிடாமல் நீர் இறங்கும், இந்த முறை முழுப் படியும்.

போகும்போது தேத்தண்ணி கொண்டு போம். அவருக்குச் சீனி எத்தனை கரண்டி என்று மனிசியைக் கேட்காமல் போட உம்மால் முடிந்தால், எனக்கு இன்னொரு கடிதம் எழுதும்.