கோலமாவும் கல்லெழுத்தும்

அன்புள்ள ஐயா,

செங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. ஆசிரியர்களும் வேறு வேலை பார்ப்பவர்களும் சேர்ந்து ஒரு வரலாற்று மன்றம் நடத்துகிறோம். மாதம் ஒரு ஞாயிறு, காலை ஆறரைக்கு மரபு நடை. தை மாதம் ஆண்டு விழா, கண்காட்சி, மாணவர்களுக்குப் போட்டிகள். தொடங்கியபோது எழுபது பேர் வந்தார்கள். இப்போது பதினைந்து பேர் வந்தாலே பெரிது. பெண்கள் அநேகமாக வருவதே இல்லை. டி-சர்ட் கொடுத்தோம், சான்றிதழ் கொடுத்தோம், ஒரே காலையில் ஆறு இடங்கள் காட்டினோம், பயனில்லை.

சென்ற நடையில் ஏரிக்கரையில் கிழக்குப் பார்த்த நடுகல் ஒன்றைக் கண்டோம். ஊரார் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எழுத்து கண்ணுக்குப் பிடிபடாததால் கோலமாவு தடவிப் படமெடுத்தோம். மூன்றாம் வரியில் ‘மன்னன்’ என்று இருக்கிறது. ‘மன்னனின் நடுகல் கண்டுபிடிப்பு’ என்று செய்தித்தாளிலும் வந்துவிட்டது. படம் இணைத்துள்ளேன். அந்த வரி சரிதானா? மக்களை எப்படி ஈர்ப்பது? தை விழாவுக்கு நீங்கள் அவசியம் வர வேண்டும்.

க.

அன்புள்ள க.,

ஞாயிற்றுக்கிழமை விடியலில் எழுந்து ஏரிக்கரைக்குப் போகிற பதினைந்து பேர் ஒரு சிற்றூரில் இருப்பதே பெரிய விஷயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வரப்போவது திட்டுதான்.

கூட்டம் பற்றிய கவலையை விடுங்கள். எழுபது பேர் சூழ்ந்தால் நடுகல் முன்னால் நிற்கும் நான்கு பேருக்குத்தான் தெரியும், மற்றவர்கள் முதுகைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு கல்லுக்குப் பன்னிரண்டு பேர் என்பது நல்ல கணக்கு. டி-சர்ட்டுக்குச் செலவழித்த பணத்தில் பத்துக் குடைகளும் ஒரு முக்காலியும் வாங்கியிருக்கலாம். பெண்கள் வருவதில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். ஆறரைக்குத் தொடங்கிப் பத்தரை வரை ஆறு இடம் சுற்றும் அந்த நடையில் கழிப்பறை எங்கே இருக்கிறது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஞாயிறன்று பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். சனிக்கிழமையே தலைமையாசிரியரிடம் பேசிச் சாவி வாங்கி, தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, நடையை அங்கே தொடங்கி அங்கேயே முடியுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இனி அந்தப் படம்.

கோலமாவைத் தொட்டது ஏன் என்று எழுதியிருக்கிறீர்கள்: எழுத்து பிடிபடவில்லை. ஏன் பிடிபடவில்லை என்று யாராவது கேட்டீர்களா? கல் கிழக்குப் பார்த்தது. நீங்கள் போனது காலை ஆறரைக்கு. அந்த நேரத்துச் சூரியன் கல்லுக்கு நேர் எதிரே நின்று வெளிச்சத்தை முகத்தில் அடிக்கிறது. ஒரு நூல் ஆழமே வெட்டிய எழுத்தில் நேர் வெளிச்சம் பட்டால் பள்ளத்தில் நிழல் விழாது, நிழல் இல்லாவிட்டால் எழுத்தும் இல்லை. வெயிலுக்கு முன் வீடு திரும்ப வேண்டும் என்று நீங்கள் வைத்த நேரம்தான் உங்களை மாவு டப்பாவைத் திறக்க வைத்தது. தமிழ்நாட்டில் நடக்கிற மரபு நடைகளில் பாதி இப்படித்தான்: கல்லைக் கேட்காமல் நடப்பவர்களின் வசதியைக் கேட்டு நேரம் குறிக்கிறார்கள், அப்புறம் கல்லில் எதையாவது பூசுகிறார்கள்.

அதே கல்லைப் பதினொன்றரைக்குப் போய்ப் பாருங்கள். செங்கம் பக்கம் கடிகாரத்தில் பன்னிரண்டே காலையொட்டித்தான் உண்மையான உச்சி. பதினொன்றரைக்குச் சூரியன் கிழக்கு முகத்தை மேலிருந்து ஏறத்தாழ 10 பாகைச் சாய்வில் உரசிக்கொண்டு இறங்கும். காலையில் வெறும் பாறையாகத் தெரிந்தது, அப்போது வரிவரியாக எழுந்து நிற்கும். அரை மணி நேரம்தான் கிடைக்கும், பிறகு கல் தன் நிழலுக்குள் போய்விடும். கல் பின்னால் சாய்ந்திருந்தால் இந்த நேரம் தள்ளிப்போகும், முன்னால் சாய்ந்திருந்தால் முந்தும். நடுகல் நேராக நிற்பது அபூர்வம், ஆகவே முந்தைய வாரமே ஒருவர் போய் நேரத்தைக் குறித்துவர வேண்டும். மேற்குப் பார்த்த கல்லென்றால் பன்னிரண்டரையிலிருந்து ஒரு மணி வரை. தெற்குச் சுவருக்குப் பங்குனியிலும் புரட்டாசியிலும் காலை, மாலை இரண்டுமே நன்று, வெளிச்சம் பக்கவாட்டில் தடவிக்கொண்டு வரும். வடக்குப் பார்த்த கல்லுக்குத் தை மாதத்தில் வெயிலே விழாது. ஆனியில் போனால் உச்சி வெயில் அதன் மீது செங்குத்தாக வழியும்.

மாதம் வரைக்கும் காத்திருக்க முடியாதென்றால் முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது. ஓரடிக்கு ஓரடி போதும். ஒருவர் வெயிலில் நின்று கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பிக் கல்லின் ஓரத்திலிருந்து அதன் முகத்தோடு ஒட்டினாற்போல் விட வேண்டும். இரண்டு பேர் கறுப்புப் போர்வையைப் பிடித்து நேர் வெயிலை மறைக்க வேண்டும். கேமராவை முக்காலியில் வைத்துக் கல்லுக்கு நேர் எதிராக, கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். கிட்டப் போய் எடுத்தால் ஓரத்து எழுத்துகள் இழுபடும். ஃபிளாஷ் கூடாது, அதுவும் காலைச் சூரியன் செய்கிற தவற்றையே செய்யும். ஓர் அளவுகோலைக் கல்லின் பக்கத்தில் நிறுத்துங்கள், கல்லின் மேல் ஒட்டாதீர்கள்.

இதில் எல்லோரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் நெடுங்கோடுகள் தெரியும், படுக்கைக் கோடுகள் மறைந்துவிடும். வெளிச்சம் போகும் திசையிலேயே ஓடுகிற கோட்டுக்கு நிழல் கிடையாது. அதனால் இடது, வலது, மேல், கீழ் என நான்கு படமாவது வேண்டும். கீழிருந்து வெளிச்சம் விட்ட படத்தைப் பார்க்கும்போது கவனம்: பள்ளம் மேடாகத் தெரியும், கண் ஏமாறும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் சரியாகிவிடும்.

மாவு என்ன கெடுதல் செய்கிறது? கல்லுக்குச் செய்வதைச் சொல்கிறேன். அரிசி மாவானால் எறும்பும் பூஞ்சையும். கடையில் விற்கும் கோலப்பொடி பெரும்பாலும் வெள்ளைக்கல் தூள். அதை விரலால் தேய்த்து, பிறகு தேங்காய் நார் போட்டுக் கழுவினால் அது உப்புத்தாள் வேலை செய்யும். நம் ஊர்க் கருங்கல் வெயிலிலும் மழையிலும் கிடந்து மேல்தோல் பொருக்கு விட்டிருக்கும். எழுத்து இருப்பது அந்தப் பொருக்கின் மேல்தான். நகம் பட்டால் உதிரும். சாக்பீஸ், சுண்ணாம்பு, பெயிண்ட் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான்.

ஆனால் கல்லுக்கு வருவதைவிட வாசிப்புக்கு வரும் கேடு பெரிது. மாவை யாரோ ஒருவர் விரலால்தான் இழுக்கிறார். எங்கே எழுத்து, எங்கே விரிசல் என்று முடிவு செய்வது அந்த விரல். உங்கள் படத்தில் மூன்றாம் வரியில் உள்ள ‘மன்னன்’ கல்தச்சன் வெட்டியதா, உங்கள் நண்பர் எழுதியதா? எனக்குத் தெரிய வழியில்லை, உங்களுக்கும் இல்லை. படத்தைப் பார்க்கிற ஒவ்வொருவரும் இனி வெள்ளைக்கோட்டைத்தான் படிப்பார்கள். வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துமுறையில், தேய்ந்துவிட்டால் பகரமும் வகரமும் யகரமும் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். ஒரு சிறு வளைவு எங்கே நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு. அந்த வளைவின் மேல்தான் நீங்கள் மாவைக் கொட்டியிருக்கிறீர்கள்.

செய்தித்தாள் தலைப்பு பற்றியும் ஒரு சொல். உங்கள் வட்டாரக் கற்களில் மன்னன் பெயர் வருவது காலத்தைச் சொல்வதற்கு. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு என்று தொடங்கும். அதற்குப் பிறகுதான் இன்னாருடைய சேவகன், தொறுக் கொண்ட ஞான்று பட்டான் (மந்தையைக் கவர்ந்தபோது விழுந்தான்) என்று செத்தவனின் கதை. மாட்டு மந்தையை மீட்கப் போய் விழுந்தவன் அவன், அரசன் இல்லை. தண்டராம்பட்டுப் பக்கம் எடத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் இருக்கிறது. வீரன் விழுந்தபின் அவன் நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதைப் பொறித்து, கோவிவன் என்று அந்த நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மகேந்திரவர்மன் அங்கே ஆண்டுக்கணக்குக்குத்தான். நாய்க்குப் பெயர் எழுதிய ஊர்க்காரர்கள் நீங்கள். மன்னனைத் தேடி அலைவானேன்?

இன்னொன்று, ‘கண்டுபிடிப்பு’. மத்திய அரசின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் வருகின்றன. மாநிலத் தொல்லியல் துறை செங்கம் நடுகற்களைத் தனி நூலாகவே போட்டிருக்கிறது. அவற்றில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? திருவண்ணாமலை என்று மாவட்டம் பிறந்தது 1989-ல்தான். அதற்கு முந்தைய அறிக்கைகளில் வட ஆர்க்காட்டின் கீழ் தேட வேண்டும், பக்கத்து மாவட்டங்களையும் ஒரு கண் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். ஏற்கனவே பதிவான கல் என்று தெரிந்தால் ஏமாற்றம் வேண்டாம். அப்போது படித்த பாடத்தையும் இப்போது கல்லில் மிஞ்சியிருப்பதையும் ஒப்பிட்டு எத்தனை எழுத்து உதிர்ந்திருக்கிறது என்று எழுதினால், அது இன்னும் உருப்படியான வேலை. கல் இருக்கும் இடத்தின் துல்லியப் புள்ளியை மட்டும் இணையத்தில் போடாதீர்கள். பழைய கல் என்றாலே அடியில் புதையல் என்று கடப்பாரையோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நடையில் குழந்தைகள் ஓடு, காசு பொறுக்கினால் இருந்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இனி நடையை எப்படி நடத்துவது? ஆறு இடம் வேண்டாம், ஒரு கல். பத்தரைக்குப் பள்ளிக்கூடத்தில் கூடி, மோர் குடித்துவிட்டுப் பதினொன்றுக்குக் கல்லடியில் இருங்கள். முதலில் பூசாரியிடம் கேளுங்கள். அது அவருக்குச் சாமி. செருப்பை எங்கே விடுவது, எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதெல்லாம் அவர் சொல்கிறபடி. எண்ணெய்ப் பிசுக்கை நீங்களாகச் சுரண்டாதீர்கள். அவர் கல்லைக் கழுவிக் கும்பிடும் நாள் எதுவென்று கேட்டு, அடுத்த நாள் போங்கள். பாசி, தூசு தட்ட மென்மயிர்த் தூரிகை, தேவைப்பட்டால் வெறுந்தண்ணீர், அவ்வளவே. கம்பி பிரஷ், ஆசிட், சோப்பு எதுவும் அந்தப் பையில் இருக்கக் கூடாது. மைப்படி எடுக்கும் ஆசையும் வேண்டாம். ஈரத்தாளைக் கல்லில் அறைந்து, அது பாதி காய்ந்த பதத்தில் மை ஒற்றுவது பழகிய கைக்கே தவறும். ஈரம் மிஞ்சினால் மை பரவும், தாள் கிழிந்தால் கறை கல்லில் ஏறும். பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால் துறை அனுமதியும் வேண்டும். கும்பிடுகிற கல்லில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வெளிச்சம் இறங்கத் தொடங்கியதும் பேச்சாளர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு தாள். வரி எண் போட்டு, கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் எழுத வேண்டும். ஐயமான எழுத்துக்குப் பகர அடைப்பு [ ], போன எழுத்துக்குப் புள்ளி. ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. வட்டெழுத்து தெரியாதவர் வடிவத்தை அப்படியே வரையட்டும், பல நேரம் அவர்தான் சரியாக வரைவார், ஏனென்றால் சொல்லை ஊகிக்கிற ஆசை அவருக்கு இல்லை. இருபது நிமிடம் கழித்து எல்லாத் தாளையும் கீழே பரப்பி, வரிவரியாகக் கூட்டி வாசியுங்கள். நாலு பேர் ஒரு மாதிரியும் எட்டுப் பேர் வேறு மாதிரியும் எழுதிய இடத்தில் மறுபடி கண்ணாடி பிடியுங்கள். சண்டை வரும், வரட்டும். முடிந்த பாடத்தைப் பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் அச்சடித்து, அடுத்த வாரம் பூசாரியிடமும் ஏரிக்கரைத் தெருவிலும் கொடுங்கள். சான்றிதழை நிறுத்திவிட்டு அந்தக் காசில் இதைச் செய்யலாம்.

மலைக்குகை, சமணப் படுக்கை என்று போகிற நாளுக்கு ஒரு எச்சரிக்கை: மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்காமல் யாரையும் ஏற்றாதீர்கள். வாசனைத் திரவியம், புகை, கூச்சல் மூன்றும் கூடாது. கிளம்பிவிட்டால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும்.

விழாவுக்கு வர முடியாது. மேடையும் பொன்னாடையும் வேண்டாம், அந்த நேரத்தில் மாணவர்களைக் கண்ணாடி பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். மூன்றாம் வரி பற்றி மாவுப் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல மாட்டேன். இரண்டு மழை போகட்டும், நீங்களாகத் தேய்த்துக் கழுவ வேண்டாம். அதன்பின் பதினொன்றரை மணிப் படமும், கண்ணாடி பிடித்து நான்கு பக்கமும் எடுத்த படங்களும், பன்னிரண்டு தாள்களின் நகலும் அனுப்புங்கள். செய்தித்தாளுக்கு மறுப்பு எழுதுவதை மட்டும் அதுவரை தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே எழுதுங்கள்.