பெட்டியில் 1:24, கையில் 12 சென்டிமீட்டர்
நுகர்வோர் கேள்வி-பதில்

சென்ற முறை ஸ்கேல் மாடல் கார் கிட் ஒன்றைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். நிஜ வண்டியை ஒரே விகிதத்தில் சிறிதாக்கியது ஸ்கேல் மாடல், அதை நாமே துண்டு துண்டாகப் பொருத்திச் செய்வது கிட். 1:24 என்றால் நிஜ வண்டியில் 24-ல் ஒரு பங்கு. அதற்கு வந்த கடிதங்களிலேயே இந்தப் பகுதி நிறைந்துவிட்டது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. பிளாஸ்டிக் கார் கிட் வாங்கித் தரச் சொல்கிறான். எதில் ஆரம்பிப்பது? (கோயம்புத்தூர்)

பசையும் பெயின்ட்டும் தேவைப்படாத ஸ்னாப் கிட்டில் ஆரம்பியுங்கள். ஆவோஷிமா நிறுவனம் 1:32 அளவில் இப்படி ஒரு வரிசையே போடுகிறது, அதில் சுசூகி ஜிம்னியும் உண்டு. பாகங்கள் அந்தந்த நிறத்திலேயே வார்க்கப்பட்டிருக்கும், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். கூடவே நல்ல நிப்பர் (சின்ன வெட்டுக்குறடு) ஒன்று வாங்கிவிடுங்கள். பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றைக் கையால் முறுக்கிப் பிய்த்தால் அந்த இடத்தில் வெள்ளையாகத் தழும்பு விழும். எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது.

பையனுக்கு அது பிடித்துவிட்டால் அடுத்து டமியா நிறுவனத்தின் 1:24 கிட். பாகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும், செய்முறைத் தாள் படத்திலேயே புரியும். முதல் கிட்டை முடித்துவிட்ட குழந்தை இரண்டாவதைத் தானே கேட்கும். முதல் கிட்டிலேயே 200 பாகத்தைக் கொடுத்தால் பாதியில் பரணுக்குப் போய்விடும்.

கேள்வி: ஆன்லைனில் 1:24 மெட்டல் அம்பாசடர் வாங்கினேன். வந்தது உள்ளங்கை அளவுதான் இருக்கிறது. கேட்டால், "ஸ்கேல் என்பது தோராயம்தான் சார்" என்கிறார்கள். உண்மையா? (மதுரை)

இல்லை. ஸ்கேல் என்பது வகுத்தல் கணக்கு. அதில் தோராயத்துக்கு இடமில்லை.

இந்த விஷயத்தில் எனக்கே பழைய கோபம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் நானும் 1:24 என்று எழுதிய அம்பாசடர் ஒன்றை வாங்கினேன். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் நின்ற வண்டி அது. மேசையில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். பெட்டியைப் பிரித்துக் கையில் எடுத்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. அளவுகோலை வைத்தேன். முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை 12 சென்டிமீட்டர்.

நிஜ அம்பாசடரின் நீளம் 4,325 மில்லிமீட்டர். அதை 24-ஆல் வகுத்தால் 180 மில்லிமீட்டர், அதாவது 18 சென்டிமீட்டர் வர வேண்டும். 12 சென்டிமீட்டர் என்றால் அது 1:36. மூன்றில் ஒரு பங்கு நீளம் காணாமல் போயிருக்கிறது. உயரமும் அகலமும் அதே கணக்கில் குறைவதால், கையில் பிடிக்கும்போது பாதி காரைக்கூட வாங்காதது போல இருக்கும். விற்றவரிடம் கேட்டேன். உங்களுக்குச் சொன்ன அதே பதிலைத்தான் எனக்கும் சொன்னார். அன்றைக்கு வேலை இருந்தது, விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

இந்த எண்கள் யாரோ அலங்காரத்துக்காகப் போட்டவை அல்ல. 1:24 என்பது ஒரு அடிக்கு அரை அங்குலம். 1:43 பிரிட்டனின் ஓ-கேஜ் பொம்மை ரயிலிலிருந்து வந்தது. அங்கே ஒரு அடிக்கு 7 மில்லிமீட்டர் என்பது கணக்கு. 1930-களில் டிங்கி என்ற பொம்மைக் கார்கள் அந்தப் பொம்மை ரயில் நிலையத்துப் பக்கத்தில் நிறுத்துவதற்காகத்தான் பிறந்தன. அமெரிக்கக் கிட்கள் பல 1:25-ல் வரும், ஜப்பானியக் கிட்கள் பெரும்பாலும் 1:24. மாருதி 800-ஐ எடுத்துக்கொண்டால் (நிஜ நீளம் 3,335 மில்லிமீட்டர்) இந்த இரண்டுக்கும் இடையே வித்தியாசம் வெறும் 6 மில்லிமீட்டர்தான். ஆனாலும் இரண்டையும் அருகருகே வைத்தால் கண்ணில் உறுத்தும் என்று தனித்தனியாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற பொழுதுபோக்கில் 1:36-ஐ 1:24 என்று விற்பது, கால் கிலோ குறைத்து நிறுத்துவிட்டு முழுக் கிலோவுக்குக் காசு வாங்குவது போலத்தான்.

ஹாட் வீல்ஸ் மாதிரியான சின்னக் கார்களில் லாரியும் காரும் ஒரே அட்டைக்குள் அடங்க வேண்டும். அதனால் அவை ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும். அவை பொம்மைகள், அதில் தவறில்லை. ஆனால் "கலெக்டர் மாடல்" என்று பெயர் போட்டு, எண்ணையும் போட்டு, அந்த எண்ணுக்காகக் கூடுதல் விலையும் வாங்கினால் எண் சரியாக இருந்தாக வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து மாடலைப் படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தில் 1:24 என்று போட்டிருப்பதையும் படம் எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, மதுரையிலேயே மனு போடலாம்.

கேள்வி: கிட் வாங்கினேன். பெட்டியில் பளபளக்கும் சிவப்புக் கார் படம். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகள்தான். பசை இல்லை, பெயின்ட் இல்லை. ஏமாற்று வேலைதானே? (திருப்பூர்)

இல்லை. பசையும் பெயின்ட்டும் தனியாக வாங்க வேண்டும் என்று பெட்டியின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். 3,000 ரூபாய் கொடுக்கும் முன் பெட்டியை ஒரு முறை திருப்பிப் பார்த்திருக்கலாம்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். மாடல் கார் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பழைய பேருந்து மாடலுக்கு முன்பதிவு எடுத்தார். 8,400 ரூபாய் ஜிபே-யில் அனுப்பினேன். இரண்டு நாளாக போன் எடுக்கவில்லை. நேற்று என்னைக் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார். வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. (திருநெல்வேலி)

ஐயா, முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட வேண்டியவர் அவர், நீங்கள் இல்லை. வாழ்நாள் முழுக்க ஓட்டிய வண்டியைச் சின்ன உருவத்தில் வைத்துக்கொள்ள நினைத்தது எந்த விதத்திலும் தவறாகாது.

உங்கள் கடிதம் வந்ததுமே தொலைபேசியில் சொன்னதை மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். பணம் போனது தெரிந்தவுடன் 1930-ஐ அழைக்க வேண்டும். அது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. பரிவர்த்தனை எண், அவருடைய கைபேசி எண், யுபிஐ முகவரி, குழுவில் அவர் போட்ட விளம்பரம் எல்லாவற்றையும் படமாக எடுத்து வையுங்கள். குழுவிலிருந்து நீக்கினாலும் உங்கள் கைபேசியில் பழைய செய்திகள் இருக்கும், அவற்றை அழிக்க வேண்டாம். உங்கள் வங்கிக்கும் அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள்.

அதே குழுவில் இன்னும் யார் யார் பணம் அனுப்பினார்கள் என்று விசாரியுங்கள். மூன்று பேர் சேர்ந்து கொடுக்கிற புகாருக்கு எடை அதிகம். குழுவை நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: விலாசமும் ரசீதும் இல்லாத ஒருவரை முன்பதிவு எடுக்க அனுமதித்தது நீங்கள். குறைந்தபட்சம் அந்த மனிதரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையாவது காவல் துறைக்குக் கொடுத்து உதவுங்கள்.

கேள்வி: கடையில் ஹாட் வீல்ஸ் அட்டையில் அச்சடித்த விலை மேல் ஸ்டிக்கர் ஒட்டி மூன்று மடங்கு கேட்கிறார்கள். "இது டிரெஷர் ஹன்ட், அரிய வண்டி" என்கிறார்கள். (சென்னை)

அரியதாகவே இருக்கட்டும். அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் கடைக்காரர் விற்கக் கூடாது. விலையைக் குறைப்பதற்கு மட்டும்தான் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். பில்லோடு தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்குப் புகார் கொடுங்கள். அப்புறம், அந்த வரிசையிலேயே மிக அரியது சூப்பர் டிரெஷர் ஹன்ட்; இது நிஜமாகவே அதுதானா என்று பாருங்கள். அதில் ரப்பர் டயரும் வண்டியின் மேலேயே TH என்ற எழுத்துகளும் இருக்கும். பிளாஸ்டிக் சக்கரத்தோடு ஒருவர் "சூப்பர்" என்று சொன்னால் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: சூப்பர் க்ளூ போட்டுக் கண்ணாடியை ஒட்டினேன். கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் புகை படிந்துவிட்டது. கிட் தரமற்றதா? (ஈரோடு)

கிட்டில் குறையில்லை, பசைதான் தவறு. சூப்பர் க்ளூவின் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் படிந்து வெளுக்கும். கண்ணாடிப் பாகங்களுக்கு வெள்ளைப் பசை போதும்.

கேள்வி: 12 வருடம் முன் வாங்கிய 1:43 டைகாஸ்ட் மாடல். பெட்டியை விட்டு வெளியே எடுத்ததே இல்லை. இப்போது பானெட்டில் விரிசல், அடித்தட்டு வளைந்திருக்கிறது. நான் எதுவும் செய்யவில்லை. (நாகர்கோவில்)

நீங்கள் எதுவும் செய்யவில்லை என்பதை முழுதாக நம்புகிறேன். இதற்கு ஜிங்க் பெஸ்ட் என்று பெயர். டைகாஸ்ட் என்பது உருக்கி அச்சில் வார்த்த உலோகம், துத்தநாகக் கலவை. உருக்கும்போது அதில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும், வருடக் கணக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு உலோகம் உப்பும், வெடிக்கும், பிறகு பொடியாக உதிரும். ஈரக்காற்று அதை வேகப்படுத்தும். 1920-களிலேயே காரணம் தெரிந்துவிட்டது. 1929-ல் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் மிகத் தூய துத்தநாகத்தைக் கொண்டு ஜமாக் என்ற கலவையை உருவாக்கியதே இதைத் தவிர்க்கத்தான். அதன் பிறகும் ஆலையில் கழிவு உலோகத்தைக் கலந்தால் இதே கதி.

மருந்து கிடையாது. பக்கத்து மாடலுக்குத் தொற்றாது, அந்தப் பயம் வேண்டாம். வழக்கு போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடக் கெடு. 12 வருடம் கழித்து வாதாடுவது மிகக் கடினம். மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்களை வீணாக அலைய வைக்க விரும்பவில்லை. பழைய டைகாஸ்ட் வாங்கப் போகிறவர்கள் அடித்தட்டைத் திருப்பிப் பாருங்கள். பெயின்ட் கொப்புளம், மயிரிழை விரிசல், நேராக நிற்காத சக்கரம் மூன்றில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: 2,000 ரூபாய்க்குள் வயர் இல்லாத ஏர்பிரஷ் (பெயின்ட்டைக் காற்றால் தெளிக்கும் கருவி) விளம்பரம் வருகிறது. வாங்கலாமா? (புதுச்சேரி)

நான் வாங்கினேன், 2,200 ரூபாய்க்கு. காற்று சீராக வராமல் துடித்துத் துடித்து வந்தது. மூன்று வாரம் தேய்த்துத் தயார் செய்த ஒரு பாடியின் மேல் சிவப்புப் பெயின்ட் புள்ளி புள்ளியாகத் தெறித்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி காய்ந்தது. எல்லாவற்றையும் கழற்றி, பெயின்ட்டை உரித்து, மறுபடி பிரைமரிலிருந்து (அடிப்பூச்சு) ஆரம்பித்தேன். பணத்தைவிட அந்த மூன்று வாரம்தான் வலித்தது.

காசு சேரும் வரை நல்ல ஸ்ப்ரே கேனே போதும். பிறகு 0.3 மில்லிமீட்டர் நாசில் (பெயின்ட் வெளிவரும் முனை) உள்ள, காற்றையும் பெயின்ட்டையும் ஒரே விசையில் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ், டேங்க் வைத்த கம்ப்ரசர், அதில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி. உங்கள் ஊர் கடலோரம் என்பதால் அந்த வடிகட்டி கட்டாயம். மழை நாளில் லாக்கர் வகைப் பெயின்ட் அடிக்காதீர்கள். திரவம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். பெயின்ட் கெட்டுப்போனது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் அன்றைய வானிலையைப் பார்க்காதவர்கள். முகத்துக்கு ஆவி வடிகட்டும் மாஸ்க்கும் வாங்குங்கள், துணி மாஸ்க் போதாது.

கேள்வி: ஜப்பான் கிட் இங்கே ஏன் இவ்வளவு விலை? (வேலூர்)

பொம்மைகளுக்கான இறக்குமதி வரி ஒரு காரணம். 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. ஸ்கேல் மாடலும் அதே தலைப்பில்தான் வருகிறது. ஆகவே இங்குள்ள கடைக்காரர் எல்லாரும் கொள்ளையடிக்கிறார் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: மாடல் கார்களை முதலீடாக வாங்கலாமா? (சேலம்)

வேண்டாம்.

கேள்வி: "புத்தம் புது வெளியீடு" என்று வாங்கிய கிட்டில் பாகங்கள் பொருந்தவில்லை, ஓரமெல்லாம் பிசிறு. சட்டத்தில் கண்ணாடிப் பாகம் ஒன்று வேறு குறைகிறது. (தஞ்சாவூர்)

பெட்டி புதிது, பாகங்களை வார்க்கும் அச்சு பழையது. பல நிறுவனங்கள் 30, 40 வருடப் பழைய அச்சிலேயே மறுபடி வார்த்து, புதுப் படம் போட்டு விற்கின்றன. தேய்ந்த அச்சில் பிசிறு வரத்தான் செய்யும். வாங்கும் முன் ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட்டின் எண்ணைப் போட்டுப் பார்த்தால் அந்த அச்சு எந்த வருடம் முதலில் வந்தது என்று தெரிந்துவிடும்.

பிசிறுக்காகத் திருப்பிக் கொடுப்பது சிரமம், ஆனால் பாகம் இல்லாதது தெளிவான குறை. செய்முறைத் தாளில் சட்டத்தின் எழுத்தும் பாகத்தின் எண்ணும் இருக்கும், சி-7 என்பது போல. சட்டத்தில் அந்த இடம் காலியாக இருப்பதைப் படம் எடுத்து, எண்ணைக் குறிப்பிட்டு, பில் நகலோடு கடைக்கு இன்றைக்கே அனுப்புங்கள். மற்ற பாகங்கள் எதையும் சட்டத்திலிருந்து இன்னும் வெட்டாதீர்கள்.