சிரிக்கவைக்கப் பொய் சொல்லலாமா?

கேள்வி: நானும் தம்பியும் வீட்டாரை ஏமாற்றி வேடிக்கை வீடியோ எடுப்போம். போன வாரம் எனக்கு விபத்து என்று தம்பி உம்மாவுக்குப் போன் செய்தான். அவர் கதறியதையும், உண்மை தெரிந்து சிரித்ததையும் பதிவு செய்தோம். நபிகள் நாயகமும் நகைச்சுவையாகப் பேசியவர்கள்தானே, இதில் தவறில்லை என்கிறான் தம்பி. சரியா?

பதில்: தம்பி சொல்வதில் பாதிதான் சரி. நபி (ஸல்) அவர்கள் வேடிக்கையாகப் பேசியது உண்மை. அதைத் தோழர்கள் வியந்து கேட்டபோது, "உண்மையைத் தவிர வேறெதையும் நான் சொல்வதில்லை" என்றார்கள் எனத் தோழர் அபூஹுரைரா (ரலி) அறிவிப்பது திர்மிதி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் உள்ளது. ஒருவர் சவாரிக்கு ஒட்டகம் கேட்டு நபியவர்களிடம் வந்தார். ஒட்டகக் குட்டி ஒன்றைத் தருகிறேன் என்றார்கள். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகம் ஈன்ற குட்டிதானே என்று பதில் வந்தது. அவர் திகைத்தது ஒரு கணம்தான். சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை.

நீங்கள் செய்ததோ பொய். மக்களைச் சிரிக்கவைக்கப் பொய் பேசுபவனுக்குக் கேடுதான் என்று அதே நபியவர்கள்தாம் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். அதோடு நீங்கள் உம்மாவைப் பதறவைத்தும் இருக்கிறீர்கள். ஒரு பயணத்தில் தூங்கிக்கொண்டிருந்த தோழரின் கயிற்றைச் சிலர் எடுக்க, அவர் திடுக்கிட்டார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது இன்னொரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று அப்போது நபியவர்கள் சொன்னதை அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பு பதிவு செய்கிறது. வெறும் கயிற்றுக்கே இப்படியென்றால், பிள்ளைக்கு விபத்து என்ற சொல் எத்தகையது என்று நீங்களே யோசியுங்கள்.

நபியவர்களின் நகைச்சுவை என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிவிடாதீர்கள். நூலின் பெயரும் அறிவிப்பாளர் பெயரும் இல்லாதவற்றை ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) காட்டாமல் பகிரவே கூடாது. நபியவர்கள் பெயரால் பொய் சொல்வது மற்ற பொய்களைப் போன்றதல்ல. இதையெல்லாம் பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்கும் மக்தபில் பத்து வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஓதவைப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம், பிள்ளைகள் இதைக் கைப்பேசியில் தப்பும் தவறுமாகக் கற்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்களைப் போல வீடியோ எடுப்பவர்கள் மனைவியிடம் விளையாட்டாகத் தலாக் (மணவிலக்கு) சொல்லிவிட்டு என்னிடம் ஓடிவருகிறார்கள். திருமணம், தலாக், தலாக் சொன்ன மனைவியை மீட்டுக்கொள்ளுதல் ஆகிய மூன்றிலும் விளையாட்டும் வினையே என்பது ஹதீஸ். ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் (மார்க்கச் சட்ட வழிகளிலும்) தெளிவான சொல்லால் மனைவியை நோக்கிச் சொன்னால், "சும்மா சொன்னேன்" என்பது எடுபடாது. பாடம் நடத்தும்போது அச்சொல்லைச் சொல்வதும், இன்னொருவர் சொன்னதை எடுத்துச் சொல்வதும் இதில் சேரா. ஆனால் கேமரா ஓடியது என்பதற்காகத் தன் மனைவியிடம் தானே சொன்னது எடுத்துச் சொன்னதாகிவிடாது. அப்படி நடந்துவிட்டால், சொன்ன சொல்லை அப்படியே எழுதிக்கொண்டு கணவனும் மனைவியும் நேரில் ஆலிமிடம் செல்ல வேண்டும். "பத்வா (மார்க்கத் தீர்ப்பு) வாங்கித் தருகிறேன்" என்று இடையில் காசு கேட்பவர்கள் சொல்லை மாற்றி எழுதித் தமக்கு வேண்டிய பதிலை வாங்கிவிடுகிறார்கள். அந்தத் தாளை நம்பி வாழ்ந்த இரண்டு குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். பள்ளிவாசல் ஜமாஅத்துகள் வாரத்தில் ஒரு மாலையை இப்படி நேரில் வருபவர்களுக்கென்று ஒதுக்கினாலே இத்தரகர்களுக்கு வேலை இருக்காது. எத்தனை முறை கேட்டும் நடக்கவில்லை.

உம்மா சிரித்துவிட்டார் என்பதால் விஷயம் முடிந்துவிடவில்லை. தம்பியோடு சென்று அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அல்லாஹ்விடம் தவ்பா செய்து பாவமன்னிப்புத் தேடுங்கள். அந்த வீடியோவை இன்றே அழித்துவிடுங்கள்.