ஃபயர்வால் தானாக ரீபூட் ஆகிறதா? புதுப் பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட் பண்றோமுங்க. பத்து நாளா ஆபீஸ் ஃபயர்வால் தானா ரீபூட் ஆகுது. ஒரு நாள் 'மெயின்டெனன்ஸ் மோடு'ன்னு போய் அரை நாள் நெட்டே இல்லை. இ-வே பில் போட முடியாம லாரி கேட்டுலயே நின்னுச்சு. "யாரோ அட்டாக் பண்றாங்க, பெட்டி பழசு, புதுசு மாத்திடலாம்"கிறார் டீலர். மாத்தறதுங்களா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாமுங்க. இன்டர்நெட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் காவல் நிற்கும் ஃபயர்வாலும் ஒரு கம்ப்யூட்டர்தான். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுகளை, அதாவது டேட்டா துண்டுகளை, பிரித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறது. பிரித்துப் பார்க்கும் சாஃப்ட்வேரில் ஓட்டை இருந்தால், கோணல்மாணலாகச் செய்து அனுப்பிய ஒரே பாக்கெட் போதும், பெட்டி கிராஷ் ஆகி ரீபூட் ஆகும். இதைத்தான் 'டினையல் ஆஃப் சர்வீஸ்' (சேவையை முடக்கும்) ஓட்டை என்கிறார்கள். இதே சாஃப்ட்வேர் இதே வெர்ஷனில் ஓடும் புதுப் பெட்டியும் இதே மாதிரிதான் விழும். பக்கத்தில் இன்னொன்றை ஸ்டாண்ட்பை வைத்தாலும், அதுவும் அடுத்த பாக்கெட்டில் விழும்.

பெரிய கம்பெனிப் பெட்டிகளும் இதற்குத் தப்பவில்லை. 2024 டிசம்பரில் ஃபயர்வால் கம்பெனியான பாலோ ஆல்டோ அறிவித்த சிவிஇ-2024-3393 ஓட்டையில் (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது எண்), ஒரு டிஎன்எஸ் (தளப் பெயருக்கு ஐபி முகவரி தேடும் வேலை) பாக்கெட் ஃபயர்வாலை ரீபூட் செய்துவிடும்; திரும்பத் திரும்ப அனுப்பினால் மெயின்டெனன்ஸ் மோடுக்குப் போய்விடும். டிஎன்எஸ் செக்யூரிட்டி (ஆபத்தான தளப் பெயர்களைப் பிடிக்கும் வசதி) லாகிங், அதாவது நடப்பதைப் பதிந்து வைப்பது, ஆனில் இருந்த பெட்டிகளுக்குத்தான் இந்தத் தொல்லை. அதனால் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) போடும்வரை, ஆன்ட்டி-ஸ்பைவேர் புரொஃபைலில் டிஎன்எஸ் செக்யூரிட்டியின் எல்லா வகைக்கும் லாக் சிவியாரிட்டியை 'நன்' (none, எதையும் பதிய வேண்டாம்) என்று வைக்கச் சொன்னார்கள். இன்னொரு ஃபயர்வால் கம்பெனியான சோனிக்வாலின் சிவிஇ-2022-22274 ஓட்டை, பெட்டியை பிரவுசரில் நிர்வகிக்கும் வெப் மேனேஜ்மென்ட் பக்கம் வழியாக வந்தது. அதில் குறுகிய நேரத்தில் மூன்று முறை கிராஷ் ஆனால் மெயின்டெனன்ஸ் மோடுதான், ஆள் வந்து எழுப்ப வேண்டும். உங்கள் பெட்டி எந்தப் பிராண்டு என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் சொல்லும் அறிகுறி இந்த ரகம்தான்.

ஒன்றை மட்டும் முதலில் விலக்கிவிடுங்கள்: கரண்ட். மெயின் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் வரும் அந்தச் சில நொடியில், பேட்டரி செத்த யுபிஎஸ் பெட்டியைக் கைவிட்டுவிடும். ஃபயர்வால், ஸ்விட்ச், ஃபைபர் மோடம் மூன்றிலும் 'அப்டைம்' (கடைசியாக ஆன் ஆகி எவ்வளவு நேரம் என்பது) பாருங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் தொடங்கியிருந்தால் கோளாறு யுபிஎஸ்ஸில். ஃபயர்வால் மட்டும் புதிதாகத் தொடங்கியிருந்தால், அடுத்து அதன் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். ஜாக் லூசாக இருக்கிறதா, அடாப்டர் கை வைக்க முடியாத சூடா என்று பாருங்கள். அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ள வேறொன்றை மாட்டி இரண்டு நாள் ஓட்டுங்கள். அதன் பிறகும் ரீபூட் ஆனால் சாஃப்ட்வேர் பக்கம் வாருங்கள்.

இப்போது மொபைலில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் உங்கள் ஸ்டாட்டிக் ஐபியை (ஆபீஸ் நெட் இணைப்பின் மாறாத முகவரி) முன்னால் https:// போட்டு பிரவுசரில் அடியுங்கள். பிறகு அதோடு :4443, :8443 சேர்த்தும் அடியுங்கள். அட்மின் லாகின் பக்கம் வந்தால், ஊர் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். 'இங்கிருந்தே சர்வீஸ் பண்ணிக்கறேன்' என்று டீலர் திறந்து வைத்ததாகவே இருக்கும். வான் (WAN, அதாவது இன்டர்நெட்) பக்கத்து மேனேஜ்மென்ட்டை இன்றே அணையுங்கள். அவருக்குத் தேவை என்றால் அவர் ஆபீஸ் ஐபிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

அடுத்து நான் கெஞ்சிக் கேட்பது: பெட்டி யார் மெயில் ஐடியில் ரிஜிஸ்டர் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். முழுப் பணமும் கொடுத்தது நீங்கள், ஆனால் சீரியல் நம்பர் டீலர் அக்கவுன்ட்டில் கிடக்கும். பேட்ச் இறக்கக்கூட அவர் தயவு வேண்டும். ரினியூவல் விலையும் அவர் சொன்னதுதான். அக்கவுன்ட்டை உங்கள் கம்பெனி மெயிலுக்கு மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மாற்றித் தரும்வரை ஏஎம்சி (வருடப் பராமரிப்பு) பாக்கியை நிறுத்தி வையுங்கள். மலிவு என்று செகண்ட்ஹேண்ட் பெட்டி வாங்கினால், பழைய முதலாளி பெயரிலிருந்து ரிஜிஸ்ட்ரேஷன் மாறாமலே போகலாம். அப்போது ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் சாஃப்ட்வேர்) கைக்கு வராது. ஓட்டையோடு விற்றவர்களே, சப்போர்ட் பணம் கட்டினால்தான் அதை அடைக்கும் ஃபர்ம்வேரைத் தருவோம் என்கிற இந்த முறை எனக்குச் சகிக்கவில்லை. ஆனாலும் புதுப் பெட்டியின் விலையைவிட ரினியூவல் குறைவாக இருந்தால் கட்டுங்கள்.

பேட்சை ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். தயாரிப்பாளரின் செக்யூரிட்டி அட்வைசரியில் (ஓட்டை பற்றிய அறிவிப்பில்) உங்கள் வெர்ஷன் 'அஃபெக்டட்' பட்டியலில் இருக்கிறதா, 'ஃபிக்ஸ்டு' வெர்ஷன் எது என்று பாருங்கள். கான்ஃபிக் பேக்கப்பை உங்கள் லேப்டாப்பில் வையுங்கள், டீலர் லேப்டாப்பில் அல்ல. கன்சோல் கேபிள் (நெட் இல்லாமலே பெட்டியோடு நேராகப் பேசும் கேபிள்) கையில் இருக்கட்டும். ரொம்பப் பழைய வெர்ஷன் என்றால் நடுவில் ஒரு வெர்ஷன் ஏற்றிவிட்டுத்தான் புதியதற்குப் போக முடியும். ஒரே தாவலில் போனால் பெட்டி எழாமல் போகலாம்.

லாகுகள் பெட்டியின் மெமரியில் மட்டும் இருந்தால் ரீபூட்டில் அழிந்துவிடும். ஒரு பழைய பிசியை சிஸ்லாக் (லாகுகளை வாங்கிச் சேமிக்கும்) சர்வராக்கி அதற்கு அனுப்புங்கள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும். இந்த வகைத் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். உத்தரவு போட்டார்கள்; பனியன் கம்பெனிக்காரருக்கு அதைப் புரியும்படி சொல்லத்தான் ஆளில்லை. ரீபூட் ஆன தேதி, மணி, அப்போது வந்த கடைசி லாக் வரி, இந்த மூன்றையும் இன்றிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். சப்போர்ட்டில் டிக்கெட் போட்டால் அவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.