அஞ்சலி, இருப்பவர்களுக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் இசைக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். சென்னையில் கணக்காளராக இருக்கிறேன். நான்கைந்து ஆண்டுகளாக இண்டி ராக் (பெரிய நிறுவனங்களைச் சாராத ராக் இசை) கேட்டுவருகிறேன். இனி வரப்போகும் ஆல்பங்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். இப்போது அதில் நாற்பத்திரண்டு பெயர்கள், அவற்றில் ஐந்து, ஒருவருடைய பாடல்களை மற்றவர்கள் சேர்ந்து பாடும் அஞ்சலித் தொகுப்புகள்.

எதை முதலில் வாங்குவது என்று தீர்மானிக்க ஒரு வழி சொல்லுங்கள். இசைத்தட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு ஏழெட்டு மாதம் காத்திருப்பதா, இணையத்தில் கேட்டால் போதுமா? அஞ்சலித் தொகுப்புகள் தேவைதானா என்பதும் என் சந்தேகம். மூலப் பாடலைவிட நன்றாகப் பாடிய ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. மேதைகளுக்குச் செய்தால் புரிகிறது. விக் செஸ்நட் போன்ற ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் எதற்கு?

எனக்குப் பிடித்த ஒரு சிறிய குழுவின் பாடகருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அடுத்த ஆல்பம் வரட்டும், கேட்டுவிட்டு எழுதலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுவதும் ஸ்பார்க்கிள்ஹார்ஸின் 'பேர்ட் மெஷின்' ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பார்க்கிள்ஹார்ஸ் என்ற ராக் குழு என்றால் அதன் பாடகர் மார்க் லிங்கஸ்தான். 2009இல் சிகாகோவில் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியோடு சேர்ந்து இந்தப் பாடல்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார். 2010 மார்ச்சில் இறந்துபோனார். பாதியில் நின்ற பதிவுகளை உடன்பிறந்த மாட் லிங்கஸும் அவர் மனைவி மெலிஸாவும் எடுத்துத் துடைத்து, முடிக்க வேண்டியதை முடித்து, 2023 செப்டம்பரில் வெளியிட்டார்கள். பதின்மூன்று ஆண்டுகள். வரப்போகும் ஆல்பம் என்று நாம் சொல்லுவது எதை, யாருக்காக, எவ்வளவு காலம் என்று நானாக எதையோ நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதற்குள் விக் செஸ்நட்டின் பெயரும் இருந்தது. லிங்கஸுக்கும் செஸ்நட்டுக்கும் உள்ள உறவு தெரிந்து நீங்கள் எழுதவில்லை. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

இசைத்தட்டா இணையமா என்பது உங்கள் வருமானத்தையும் வீட்டு அலமாரியையும் பொறுத்தது. தட்டு அச்சிடும் ஆலைகள் உலகில் குறைவு. அதற்கு முன்னால் பாட்டை முதலில் வெட்டிப் பதிக்கும் அரக்குத் தகடு செய்பவர்கள் அதைவிடக் குறைவு. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தபோது, அந்தத் தகட்டுக்கு ஜப்பானில் ஒரே ஓர் ஆலைதான் மிஞ்சியது. சிறிய நிறுவனங்கள் பல, உங்கள் முன்பணத்தை வைத்துத்தான் அச்சுக்கூலி கொடுக்கின்றன. நம்பிக்கை இருந்தால் கட்டுங்கள். கட்டிய பிறகு முணுமுணுக்காதீர்கள்.

பட்டியலைப் பற்றி ஒன்று கேட்கிறேன். சென்ற ஆண்டும் இப்படி ஒன்று வைத்திருந்திருப்பீர்கள். அதில் எத்தனை ஆல்பங்களை மூன்று முறையாவது முழுதாகக் கேட்டீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கணக்காளர் நீங்கள். வரவு மட்டும் எழுதிய பேரேட்டை உங்களிடம் ஒருவர் நீட்டினால் கையெழுத்துப் போடுவீர்களா? மை பிளடி வேலன்டைன் குழுவின் 'லவ்லெஸ்' வந்தது 1991 நவம்பரில். அடுத்த ஆல்பம் 2013 பிப்ரவரியில். இடைப்பட்ட இருபத்தோரு ஆண்டுகளில் அதன் ரசிகர்கள் பழைய ஆல்பத்துக்குள்ளேயே வாழ்ந்தார்கள். அதைக் காத்திருப்பு என்று ஒத்துக்கொள்கிறேன். உங்களுடையது ரயில் நிலைய அறிவிப்புப் பலகை போல இருக்கிறது. பெயர்கள் வருகின்றன, போகின்றன, நீங்கள் எந்த வண்டியிலும் ஏறுவதாகத் தெரியவில்லை.

மூலமா மறுபாடலா என்ற தராசை எடுத்து வைத்துவிடுங்கள். பாடகர் லெனர்ட் கோஹனின் 'ஹல்லேலூயா' இடம்பெற்ற 1984ஆம் ஆண்டு ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட அவருடைய நிறுவனமே மறுத்தது. 1991இல் ஒரு பிரெஞ்சு இசைப் பத்திரிகை கோஹனுக்காக ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தது. அதில் ஜான் கேல் பியானோவோடு அந்தப் பாடலைப் பாடினார். ஜெஃப் பக்லி என்ற இளம் பாடகர் கேட்டது அதைத்தான். 1994இல் பக்லி பாடினார். பிறகுதான் உலகம் பாடத் தொடங்கியது. எல்லாரும் சொல்லும் உதாரணம் இது. எனக்கே சலித்துவிட்டது. மேலே போகிறேன்.

இரண்டு சொற்களில்தான் நான் இடறி நின்றுவிட்டேன். 'அஞ்சலி'. 'ஊர் பேர் தெரியாதவர்'.

அஞ்சலி என்றால் கூப்பிய கை, அவ்வளவுதான். எதிரே வருகிற பெரியவருக்கும் கூப்புகிறோம், கருவறைக்கும் கூப்புகிறோம். கண்ணீர் அஞ்சலி என்று நான்கு தெருவுக்கும் சுவரொட்டி ஒட்டி ஒட்டி அதை இழவு வீட்டுச் சொல்லாக்கிவிட்டோம். இப்போது ஒருவருக்கு அஞ்சலி என்று கேட்டாலே, எப்போது இறந்தார் என்றுதான் மனம் கேட்கிறது. இதை உங்களுக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. இந்தச் சொல் என்னை ஆறு ஆண்டுகள் ஏமாற்றியது.

1998இல் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில் தங்கியிருந்தேன். அறை நண்பரின் அண்ணன் அட்லாண்டாவில் வேலை பார்த்தார். தம்பிக்கு அவ்வப்போது தொண்ணூறு நிமிட கேசட்டுகளில் பாட்டுப் பதிந்து அனுப்புவார். அப்படி வந்த ஒன்றில் ஆர்.இ.எம்., ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ், மடோனா என்று எனக்குத் தெரிந்த பெயர்களாக இருந்தன. கூடவே வந்த கடிதத்தில் ஒரு வரி: 'இது விக் செஸ்நட் என்பவருக்கான அஞ்சலித் தொகுப்பு.' அவ்வளவுதான் தெரியும். யாரோ முன்காலத்தில் பாடி மறைந்தவர் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஆண்டு என் அப்பா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். வார இறுதிகளில் ஊருக்குப் போய் இரவுக் காவல் இருப்பேன். அவருக்குத் தொந்தரவு இல்லாமல் காதில் மாட்டிக்கொண்டு கேட்டது இந்த ஒரு கேசட்டைத்தான். கிறிஸ்டின் ஹெர்ஷ் பாடிய 'பேனிக் ப்யூர்' வரும்போது சில நாள் விடிந்திருக்கும். இப்படி எழுதியவர் இன்று இல்லையே என்று அந்த முகம் தெரியாத மனிதருக்காக நெஞ்சு கனக்கும்.

அவர் இருந்தார். நன்றாக உயிரோடு, ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில், பாடல் எழுதிக்கொண்டு இருந்தார்.

ஊர் கேட்டீர்கள் அல்லவா? வளர்ந்தது அதே மாநிலத்தின் ஸெபுலான் என்ற சிற்றூரில். 1983இல், பதினெட்டு வயதில், குடித்துவிட்டு ஓட்டிய கார் விபத்துக்குள்ளானது. பிறகு வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலி. கை விரல்களும் பாதிதான் சொன்னபடி கேட்டன. கிட்டாரில் சிக்கலான விரலமைப்புகள் முடியாது, ஆகவே எளிய சுரங்களை வைத்துக்கொண்டு சொல்லில் எல்லாவற்றையும் செய்தார். ஏதென்ஸின் 40 வாட் கிளப்பில் அவர் பாடுவதைக் கேட்ட ஆர்.இ.எம். குழுவின் மைக்கேல் ஸ்டைப், தானே தயாரிப்பாளராகி ஒரே நாளில் பதிவுசெய்தவைதான் 1990இல் 'லிட்டில்' என்ற ஆல்பமாக வந்தன. அந்தப் பாட்டுகளில் நொண்டிச்சாக்கு ஒன்றுகூட இல்லை. தன்மேல் இரக்கம் கோரும் வரி வருகிற இடத்தில் சட்டென்று ஒரு கெட்ட வார்த்தையோ ஒரு சிரிப்போ வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இனி அந்தத் தொகுப்பு. விக்டோரியா வில்லியம்ஸ் என்ற பாடகிக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்தது. மருத்துவக் காப்பீடு கிடையாது. 1993இல் பேர்ல் ஜாம், லூ ரீட், லூசிண்டா வில்லியம்ஸ் எனப் பலர் சேர்ந்து அவருடைய பாடல்களைப் பாடி 'ஸ்வீட் ரிலீஃப்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து நோயுற்ற இசைக் கலைஞர்களுக்கான ஒரு நிதி பிறந்தது. அந்த நிதிக்காக 1996இல் வந்த இரண்டாம் தொகுப்பு முழுக்க முழுக்க விக் செஸ்நட்டின் பாடல்கள். மடோனா தன் தங்கையின் கணவர் ஜோ ஹென்றியோடு ஒன்று பாடினார். 'வெஸ்ட் ஆஃப் ரோம்' பாடியது ஸ்பார்க்கிள்ஹார்ஸ், நான் முதலில் சொன்ன அதே மார்க் லிங்கஸ். தொகுப்பு வந்த அதே ஆண்டு ஜனவரியில்தான் லிங்கஸ் லண்டன் விடுதி அறையில் மயங்கி விழுந்து, மடங்கிய கால்களில் ரத்தம் ஓடாமல் பல மணி நேரம் கிடந்து, மாதக்கணக்கில் சக்கர நாற்காலியில் இருந்தார். 'வெஸ்ட் ஆஃப் ரோம்' கேட்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

விக் செஸ்நட் இதையெல்லாம் கேட்டார். முப்பத்தோரு வயதில், தன் பாட்டுகள் அத்தனை தொண்டைகளில் சுற்றி வருவதைத் தன் காதால் கேட்டார்.

மேதைகளுக்குச் செய்தால் புரிகிறது என்கிறீர்கள். எனக்கு அதுதான் புரியவில்லை. மேதைக்கு எதற்கு? அவருடைய ஆல்பம் எந்தக் கடையிலும் கிடைக்கும், அவரைப் பற்றிப் பத்துப் புத்தகம் இருக்கும். இன்னொரு இருபது பேர் பாடுவதால் அவருக்கு ஒன்றும் கூடிவிடாது. ஊர் பேர் தெரியாதவருக்குச் செய்தால்தான் ஊரும் பேரும் தெரியும். எனக்குத் தெரிந்தது அப்படித்தான், உங்களுக்குத் தெரிந்ததும் அப்படித்தான். அந்தத் தொகுப்பு இல்லாவிட்டால் இந்தப் பெயரை உதாரணமாகப் போட்டு இகழ்வதற்குக்கூட உங்களிடம் பெயர் இருந்திருக்காது. கோபமாகத்தான் சொல்கிறேன். ஒரு பாட்டையாவது கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

மோபி கிரேப் குழுவில் இருந்த ஸ்கிப் ஸ்பென்ஸ் 1968 டிசம்பரில் நாஷ்வில்லில் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து 'ஓர்' என்ற ஆல்பத்தைப் பதிவுசெய்தார். யாரும் வாங்கவில்லை. பிறகு மனநோய், வறுமை. முப்பது ஆண்டு கழித்து டாம் வெயிட்ஸ், ராபர்ட் பிளான்ட், பெக் முதலியோர் அந்த ஆல்பத்தை அப்படியே மறுபடி பாடினார்கள். கடைக்கு வருவதற்கு முன்பே மருத்துவமனைப் படுக்கையருகே அதை ஸ்பென்ஸுக்குப் போட்டுக் காட்டினார்கள். 1999 ஏப்ரல் 16 அன்று, ஐம்பத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, அவர் இறந்தார். அந்தத் தொகுப்பின் தரம் பற்றி யார் என்ன விமர்சனம் எழுதினாலும் எனக்கு அக்கறை இல்லை.

2004இல் ஒரு பிரவுசிங் சென்டரில் தற்செயலாகத் தேடியபோதுதான் விக் செஸ்நட் முந்தைய ஆண்டு ஒரு ஆல்பம் வெளியிட்டிருப்பதைப் பார்த்தேன். அந்த நிமிடத்தை என்னால் விவரிக்க முடியாது. செத்தவர் என்று ஆறு ஆண்டுகள் துக்கம் கொண்டாடிய மனிதர். அன்றிரவே கடிதம் எழுதத் தொடங்கினேன். அப்பாவைப் பற்றி, அந்த இரவுகளைப் பற்றி, நான்கு பக்கம். ஆங்கிலம் இன்னும் கொஞ்சம் சீராகட்டும் என்று வைத்தேன். 2005இல் புது ஆல்பம் வந்தது, அதையும் கேட்டுவிட்டுச் சேர்த்து எழுதலாம் என்று தோன்றியது. 2007இல் 'நார்த் ஸ்டார் டெசர்ட்டர்' வந்தது. அதைப் பற்றி எழுதாமல் எப்படி அனுப்புவது? 2009இல் 'அட் த கட்'. அதில் சாவை முன்னால் நிறுத்திவைத்து, உன்னோடு வர எனக்கு இன்னும் மனமில்லை என்று பேசுகிற ஒரு பாட்டு இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, இந்த முறை நிச்சயம் அனுப்பிவிடுவது என்று ஐந்தாம் பக்கத்தைத் தொடங்கினேன்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அவர் இறந்தார். தானே தேடிக்கொண்ட முடிவு. வயது நாற்பத்தைந்து. காப்பீடு இருந்தும் மருத்துவமனைக் கடன் பல்லாயிரம் டாலர் தலைமேல் இருந்தது. எழுபத்தொரு நாள் கழித்து லிங்கஸும் அதே வழியில் போனார். இருவரும் பங்கேற்ற 'டார்க் நைட் ஆஃப் த சோல்' 2010 ஜூலையில் வந்தபோது இருவர் நினைவுக்கும் சமர்ப்பணமாக வந்தது. 2011இல் கௌபாய் ஜங்கீஸ் குழு விக் செஸ்நட்டின் பாடல்களை மட்டும் பாடி 'டீமன்ஸ்' என்ற ஆல்பம் செய்தது. அவர்கள் அவரோடு சேர்ந்து வாசித்தவர்கள், அன்போடு செய்திருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறது. நான் அதை ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை. 1996ஆம் ஆண்டின் கேசட்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

உங்கள் முதல் கேள்வி எதை முதலில் வாங்குவது என்பது. நாற்பத்திரண்டில் பாடுபவர் உயிரோடிருக்கிற, விலை குறைந்த, நேரடியாக அவரிடமே வாங்க முடிகிற ஒன்றை வாங்குங்கள். மற்றவை கிடக்கட்டும்.

அந்தச் சிறிய குழுவின் பாடகருக்கு இன்றிரவு எழுதிவிடுங்கள். புது ஆல்பம் வரும்போது இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். பத்து வரி போதும். ஆங்கிலத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும். அனுப்பிவிட்டு அவர் பெயரை எனக்கும் தெரியப்படுத்துங்கள். கடிதத்தில் அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.