படுவான்கரைப் பாடசாலையில் நாற்பது பிள்ளைகளுக்கு ஆங்கிலம்: கொப்பி திருத்தியே களைத்துப் போகிறேன், என்ன செய்யலாம்?

கேட்டவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் புதிதாக நியமனம் பெற்ற ஆங்கில ஆசிரியை. தரம் 6 முதல் 9 வரை ஐந்து வகுப்புகள், ஒவ்வொன்றிலும் நாற்பதுக்குக் கிட்டப் பிள்ளைகள். சிலர் சரளமாக வாசிக்கிறார்கள், சிலருக்கு எழுத்தே பிடிபடவில்லை.

தங்கச்சி, முதலில் கொப்பிக் கட்டைக் குறையுங்கள். ஐந்து வகுப்புக்கு 200 கொப்பி. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் ஆறரை மணித்தியாலம் தாண்டும். காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடும் பாடசாலை நாளைவிட அது நீளம். அவ்வளவு பாடுபட்டுச் சிவப்பு மையால் நிரப்பிக் கொடுத்தாலும், பிள்ளை புள்ளியைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிடும்.

இரண்டு கிழமைக்கு ஒரே ஒரு பிழையை எடுங்கள். "இந்தக் கிழமையும் அடுத்த கிழமையும் இதை மட்டும்தான் பார்ப்பேன்" என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள். மற்றப் பிழைகள் கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள். நம்முடைய பிள்ளைகளுக்கு நான் முதலில் எடுப்பது 'இஸ், ஆம், ஆர்'. "அப்பா விவசாயி" என்றால் தமிழில் வசனம் முடிந்துவிட்டது, வினை எதுவும் தேவையில்லை. அதனால்தான் "மை ஃபாதர் ஃபார்மர்" என்று எழுதுகிறார்கள். அதைக் கவனக்குறைவு என்று ஏசக்கூடாது. அது சரிவந்த பிறகு 'இன், ஒன், அற்'. நாம் "வயலில்" என்று பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் வைக்கப் பழக வேண்டும். 'அ' (a), 'த' (the) இரண்டையும் கடைசிக்குத் தள்ளுங்கள். தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் அது பிடிபட வருடக்கணக்காகும். தரம் 6இல் அதற்காகப் புள்ளி வெட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

இனி, கொப்பியே திருத்தத் தேவையில்லாத ஒரு பாடம். சோக்கட்டி மட்டும் போதும். அவர்கள் வாழ்க்கையிலிருந்து ஐந்து வசனம் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்: அப்பா விவசாயி, வயலுக்குப் போகிறார், எங்களிடம் எருமை இருக்கிறது, அம்மா தயிர் போடுகிறா, அண்ணன் ஆற்றில் மீன் பிடிக்கிறார். வகுப்பே சேர்ந்து வாசிக்கட்டும். பிறகு வரிக்கு ஒரு சொல்லை அழியுங்கள். அழிந்ததையும் சேர்த்து மறுபடி வாசிக்க வேண்டும். இன்னும் இரண்டு சொல்லை அழியுங்கள், மறுபடி வாசிப்பு. கடைசியில் பலகை வெறுமையாக இருக்கும், பிள்ளைகள் ஐந்து வசனத்தையும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உடனே கொப்பியை எடுத்து எழுதச் சொல்லுங்கள். நீங்கள் மறுபடி பலகையில் எழுத, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை அவர்களே பார்த்துத் திருத்துவார்கள். வாய் திறக்கப் பயப்படும் பிள்ளையும் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லிவிடும். கெட்டிக்காரப் பிள்ளை ஆறாவது வசனத்தைத் தானே எழுதட்டும். மெல்லப் படிக்கும் பிள்ளைக்கு அழித்த சொற்களை மட்டும் எழுதினால் போதும். பாடம் ஒன்று, வேலை மூன்று. "கெட்டிக்கார வாங்கு, மொக்கு வாங்கு" என்று பிரித்து இருத்தவே வேண்டாம்.

எழுத்தே தெரியாத பிள்ளை எட்டாம் வகுப்பிலும் இருக்கும். தரம் 3இலிருந்து ஆங்கிலம் ஒரு பாடம்தான், ஆனால் பாடசாலைக்கு ஒழுங்காக வர முடியாத பிள்ளைக்கு அந்த வருடங்கள் வெறுமையாகவே போயிருக்கும். எல்லோர் முன்னிலும் சின்ன வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடாதீர்கள், அடுத்த நாள் வராது. வீட்டில் கிடக்கும் சவர்க்காரக் கூடு, பிஸ்கட் பைக்கற் கொண்டுவரச் சொல்லி, இடைவேளையில் பத்து நிமிடம் அதிலிருந்தே எழுத்துக் காட்டுங்கள். பெயர் முன்பே தெரிந்த பொருள் என்பதால் எழுத்து விரைவாக ஏறும்.

'பிக்' பன்றியா பெரியதா என்ற குழப்பம் வரும், நமக்கு இரண்டுக்கும் ஒரே 'ப' தானே. ஒன்றைக் கேட்டால் எழும்பு, மற்றதைக் கேட்டால் இரு என்று காதைப் பழக்குங்கள். எழுதுவது பிறகு.

ஆங்கில வகுப்பில் தமிழே வரக்கூடாது என்று பிடிவாதம் வேண்டாம். புதிய வேலையை ஒருதரம் தமிழில் விளக்கிவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

வயல் வெட்டுக் காலத்தில், மாசி பங்குனியில், வரவு குறையும். தம்பி தங்கச்சியைப் பார்க்கப் பெரிய பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவார்கள். அப்போது புதிய அலகு தொடங்காமல் பழைய ஐந்து வசனங்களையே திருப்பிச் செய்யுங்கள், விட்டவர்கள் வந்து ஒட்டிக்கொள்வார்கள்.

பாடப்புத்தகம் முடியாதே என்று பயப்படுவீர்கள். அதிலுள்ள வாசிப்புப் பகுதியையே ஐந்து வசனமாகச் சுருக்கிப் பலகைக்குக் கொண்டுவரலாம், அலகும் முடியும். படுவான்கரைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஏறாது என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குச் சரியான கோபம் வரும். பிழைவிடப் பயமில்லாமல் வாய்திறக்க இடம் கொடுத்தால் அந்தப் பிள்ளைகள் பேசுவார்கள், நான் கேட்டிருக்கிறேன்.

தரம் 6இல் இப்போது எந்த அலகு படிப்பிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அதற்கு ஐந்து வசனம் நான் எழுதித் தருகிறேன்.